வேலையை விட்டுவிட்டு ஃப்ரீலான்ஸ் போகலாமா? கணக்குப் பார்க்க உதவுங்கள்

ஓஎம்ஆர்வாசி எழுதியது:

வணக்கம். இதுவரை இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன், முதல் முறையாக ஒரு இழை தொடங்குகிறேன்.

ஜாவா, ஸ்பிரிங் பூட், கொஞ்சம் ரியாக்ட். மொத்தம் ஒன்பது வருட அனுபவம். இப்போதிருக்கும் சர்வீஸ் நிறுவனத்தில் நாலரை வருடம் ஆகிறது. சிடிசி (கம்பெனி எனக்குச் செய்யும் மொத்த வருடச் செலவு) 22 லட்சம், கைக்கு வருவது மாதம் ஒன்றரை லட்சத்துக்கும் கீழே. வெளிநாட்டு ஸ்டார்ட்அப் ஒன்று நேரடியாகக் கூப்பிடுகிறது. வாரம் 30 மணி நேரம், மணிக்கு 25 டாலர். மாதம் 3,000 டாலர், டாலரை 85 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் 2.55 லட்சம். வேலை நேரம் குறைகிறது, வருமானம் கூடுகிறது, சிறுசேரிக்கு பஸ் பிடிக்கவும் வேண்டாம்.

வீட்டு நிலவரம்: மனைவி பள்ளி ஆசிரியை. பையன் யூகேஜி. அப்பாவுக்குச் சர்க்கரை, அவர் என் கம்பெனி இன்ஷூரன்ஸில்தான் இருக்கிறார். கேளம்பாக்கம் பக்கம் ஒரு ஃபிளாட் பார்த்து வைத்திருக்கிறோம், இந்த வருடத்துக்குள் ஹோம் லோன் போடலாம் என்று யோசனை. நோட்டீஸ் பீரியட் 90 நாள்.

விடலாமா? "மனசு சொல்றதைக் கேளுங்க" மாதிரி பதில் வேண்டாம். அதை மச்சான் ஏற்கெனவே சொல்லிவிட்டார்.


பெஞ்ச்பெருமாள் எழுதியது:

தம்பி, நான் சர்வீஸ் கம்பெனியிலேயே தலை நரைத்தவன். பேருக்கேற்ற மாதிரி இப்போது பெஞ்சில்தான், அதாவது ப்ராஜெக்ட் இல்லாமல் காத்துக்கொண்டு, இருக்கிறேன், அதனால் உங்களுக்குப் பதில் எழுத நேரம் இருக்கிறது.

நிரந்தர வேலை பாதுகாப்பு என்று இந்த இழையில் யாராவது எழுத வருவார்கள், அதற்கு முன் நான் சொல்லிவிடுகிறேன். 2025 ஜூனில் டிசிஎஸ் ஒரு புது விதி கொண்டுவந்தது. வருடத்தில் 225 நாளாவது பில்லபிளாக, அதாவது கிளையன்ட்டிடம் காசு வாங்கும் வேலையில், இருக்க வேண்டும், பெஞ்ச் 35 நாளைத் தாண்டக் கூடாது. அடுத்த மாதமே ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், 12,000 பேருக்கு மேல் குறைக்கப்போவதாக அறிவித்தார்கள். அதுவும் பெரும்பாலும் நடு மட்டம், மூத்த மட்டம். ஆறு லட்சம் பேர் வேலை பார்க்கும் இடத்திலேயே இந்த நிலைமை.

ஆனாலும் ஒன்று. போன ப்ராஜெக்ட் முடிந்து எனக்கு அடுத்த பில்லிங் வரவில்லை, ஆனால் மாதக் கடைசியில் சம்பளம் வந்தது. வேலை இல்லாத நாளுக்கு யார் காசு கொடுப்பது என்பதுதான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். அந்த நாளைக் கம்பெனி இதுவரை தன் செலவில் ஏற்றுக்கொண்டிருந்தது, இப்போது அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நம் தலையில் கட்டுகிறது. ஃப்ரீலான்ஸில் அது முதல் நாளிலிருந்தே உங்கள் தலையில். உங்கள் 2.55 லட்சக் கணக்கில் அந்த நாளைத்தான் காணோம்.


நள்ளிரவு_கமிட் எழுதியது:

பெருமாள் சார் சொன்னதற்கு மேல் எண்ணோடு சொல்கிறேன். நான் முழுநேர ஃப்ரீலான்ஸர், பைதான், டேட்டா பைப்லைன் வேலைகள்.

வருடத்துக்கு 52 வாரம் பில் பண்ண முடியாது. பொங்கல், தீபாவளி, காய்ச்சல், வீட்டில் ஒரு காதுகுத்து, டிசம்பர் கடைசியில் கிளையன்ட் பக்கம் மொத்தமாகக் கடை சாத்துவது எல்லாம் போக 46 வாரம் வைத்துக்கொள்ளுங்கள். 25 × 30 × 46 = 34,500 டாலர். 85 ரூபாய் கணக்கில் சுமார் 29.3 லட்சம். உங்கள் மாதக் கணக்கை அப்படியே 12 ஆல் பெருக்கினால் 30.6 வரும், இறக்கம் அதிகமில்லைதான். ஆனால் இதிலும் ஒரே கிளையன்ட் வருடம் முழுக்க இடைவெளி இல்லாமல் வேலை கொடுப்பார் என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். ஸ்டார்ட்அப் அப்படிக் கொடுக்குமா? அவர்களுக்கு அடுத்த ஃபண்டிங் வராவிட்டால் முதலில் நிறுத்துவது கான்ட்ராக்டரைத்தான். அதற்கு லேஆஃப் என்ற பேர்கூடக் கிடையாது. ஒரு மெயில், அவ்வளவுதான்.

பணம் கைக்கு வருவதிலும் தேய்மானம் உண்டு. பேபாலில் வாங்கினால் கட்டணம் தனியாகப் போகும், அதற்கு மேல் அவர்கள் கொடுக்கும் டாலர் ரேட் கூகுளில் பார்ப்பதைவிடக் குறைவாக இருக்கும். கூடுமானவரை நேரடி பேங்க் டிரான்ஸ்ஃபர், இல்லையென்றால் வைஸ் மாதிரி பணம் அனுப்பும் சேவை கேளுங்கள்.

இன்னொரு கேள்வி. ஒன்பது வருட ஜாவா அனுபவத்துக்கு 25 டாலர் யார் சொன்ன ரேட்? உங்கள் கம்பெனி உங்களை என்ன ரேட்டுக்கு பில் செய்கிறது என்று தெரியுமா?


ஓஎம்ஆர்வாசி எழுதியது:

தெரியும். 25ஐ விட அதிகம். நீங்கள் கேட்ட பிறகுதான் உறைக்கிறது.


கணக்குப்பிள்ளை எழுதியது:

ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இது பொதுவான விளக்கம், உங்கள் ஃபைலை உங்கள் ஆடிட்டரிடம் காட்டிக்கொள்ளுங்கள்.

வரி விஷயத்தில் ஃப்ரீலான்ஸருக்கு ஒரு பெரிய சலுகை இருக்கிறது, 1961 வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 44ஏடிஏ. தொழில்நுட்ப ஆலோசனை போன்ற குறிப்பிட்ட தொழில்களில் இருப்பவர், மொத்த வரவில் பாதியை மட்டும் லாபம் என்று காட்டினால் போதும். செலவுக்கு பில் சேர்த்து வைக்க வேண்டாம், தணிக்கையும் வேண்டாம். வரவு வரம்பு 50 லட்சமாக இருந்தது. ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாதவர்களுக்கு 2023-24 முதல் 75 லட்சம் ஆக்கிவிட்டார்கள். லாபம் பாதிக்கு மேல் இருந்தால் அதைக் கூட்டிக் காட்டிக்கொள்ளலாம், தடை இல்லை.

2025-26 நிதியாண்டுப் புதிய வரி முறைக் கணக்கு இது. சம்பளம் 20 லட்சம் என்றால் 75,000 நிலையான கழிவு போக 19.25 லட்சத்துக்கு வரி, செஸ் சேர்த்து ஏறக்குறைய 1.92 லட்சம். உங்கள் 29.3 லட்சத்தை 44ஏடிஏவில் காட்டினால் வரிக்குரிய வருமானம் 14.66 லட்சம்தான். வரி சுமார் 1.04 லட்சம். ஒன்றரை மடங்கு வருமானம், வரி ஏறக்குறைய பாதி. இதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் துள்ளிக் குதித்து ராஜினாமா கொடுக்கிறார்கள்.

இதற்கு மறுபக்கம் உண்டு. வெளிநாட்டு கிளையன்ட் டிடிஎஸ் (பணம் தரும்போதே கழித்துக் கட்டும் வரி) பிடிக்க மாட்டார், ஆகவே வரி முழுவதையும் நீங்களே அட்வான்ஸ் டேக்ஸாகக் கட்ட வேண்டும். 44ஏடிஏவில் இருப்பவர்கள் மார்ச் 15க்குள் ஒரே தவணையாகக் கட்டலாம். பிப்ரவரியில் அந்தப் பணத்தைச் செலவழித்துவிட்டு எங்கள் அலுவலகத்துக்கு ஓடி வருகிறவர்களை வருடா வருடம் பார்க்கிறேன்.

ஜிஎஸ்டி: சேவைத் தொழிலுக்கு வருடம் 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். ஏற்றுமதிக்கு வரி பூஜ்யம்தானே என்று பலர் பதிவு செய்யாமலே இருக்கிறார்கள். வரி பூஜ்யம் சரிதான், ஆனால் 20 லட்சக் கணக்கில் ஏற்றுமதியும் சேரும்.


முன்னாள்_வங்கியாள் எழுதியது:

மேலே நண்பர் சொன்ன பாதிக் கணக்கு ஹோம் லோனில் எப்படித் திரும்பி வந்து அடிக்கும் என்று சொல்கிறேன். கடன் பிரிவில் பல காலம் உட்கார்ந்து எழுந்தவன்.

சம்பளக்காரர் வந்தால் கேட்பது: கடைசி சில மாத பே ஸ்லிப், கம்பெனி தரும் ஃபார்ம் 16 வரிச் சான்று, பேங்க் ஸ்டேட்மென்ட். ஃப்ரீலான்ஸர் வந்தால் கேட்பது: இரண்டு அல்லது மூன்று வருட வருமான வரிக் கணக்கு. முதல் வருடம் உங்களிடம் அதுவே கிடையாது. மூன்றாம் வருடம் கொண்டுவந்தாலும், அதில் வருமானம் 14.66 லட்சம் என்று இருக்கும். "சார், உண்மையில 29 லட்சம் வருது" என்று நீங்கள் சொல்வீர்கள். மேனேஜர் தலையாட்டுவார். ஆனால் கணினியில் ஏற்றுவது 14.66தான். வரித்துறையிடம் பாதி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, வங்கியிடம் முழுசு என்று சொன்னால் எடுபடாது. லோன் வேண்டும் என்பதற்காகவே இரண்டு வருடம் வருமானத்தைக் கூட்டிக் காட்டி அதிக வரி கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

ஒரு குறுக்கு யோசனை வரும்: வேலையில் இருக்கும்போதே லோன் வாங்கிவிட்டு, அப்புறம் ராஜினாமா கொடுப்பது. முழுத்தொகையும் கொடுத்து முடித்த பின் நீங்கள் வேலை மாறினால் வங்கி கேட்காது. ஆனால் கட்டி முடியாத ஃபிளாட் என்றால் பணம் தவணை தவணையாகத்தான் போகும், நடுவில் வேலை நிலவரத்தைத் திரும்பச் சரிபார்ப்பார்கள். ராஜினாமா கொடுத்துவிட்டு நோட்டீஸ் பீரியடில் விண்ணப்பம் போடுவது, அதை மறைப்பது, இரண்டும் வேண்டாம். ஆசிரியை மேடத்தின் சம்பளத்தை வைத்து என்ன தொகை கிடைக்கும் என்று முதலில் பாருங்கள்.


ரெட்டைக்குதிரை எழுதியது:

எல்லோரும் ஏன் இப்படிக் குழப்புகிறீர்கள்? வேலையையும் விட வேண்டாம், 30 மணி நேரத்தை ராத்திரி, சனி, ஞாயிறில் பார்த்துக்கொள்ளலாம். ஆறு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு பண்ணலாம். என் டீமில் பாதிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள்.


பெஞ்ச்பெருமாள் எழுதியது:

2022ஐ மறந்துவிட்டீர்களா? விப்ரோ தலைவர் ரிஷத் பிரேம்ஜி மூன்லைட்டிங் (வேலையில் இருந்தபடியே ரகசியமாக இன்னொரு வேலை) என்பது ஏமாற்று வேலை என்று ட்விட்டரில் எழுதினார். அடுத்த மாதமே, போட்டி நிறுவனங்களுக்கு வேலை பார்த்த 300 பேரை வெளியே அனுப்பியதாகச் சொன்னார். இன்ஃபோசிஸ் முதலில் எச்சரிக்கை மெயில் அனுப்பிவிட்டு, அக்டோபரில் மேனேஜரும் எச்ஆரும் முன்கூட்டி அனுமதித்தால் சின்ன வெளிவேலை செய்யலாம், போட்டியாளருக்கோ கிளையன்ட்டுக்கோ செய்யக் கூடாது என்று இறங்கி வந்தது. எழுத்தில் அனுமதி இருந்தால் செய்யுங்கள், இல்லையென்றால் டீமில் பாதிப் பேர் செய்கிறார்கள் என்பது எச்ஆர் அறையில் பதிலாகாது.

தவிர, பகலில் எட்டு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் பஸ், ராத்திரி ஐந்து மணி நேரம். யூகேஜி பையன் அப்பாவைப் போட்டோவில்தான் பார்ப்பான்.


ரெட்டைக்குதிரை எழுதியது:

சார், இரண்டு இடத்திலும் பிஎஃப் பிடித்தால்தான் யூஏஎன் (பிஎஃப் அடையாள எண்) வழியாகத் தெரியும். கான்ட்ராக்டருக்கு பிஎஃப் கிடையாது. எப்படித் தெரியும்?


கணக்குப்பிள்ளை எழுதியது:

எப்படி மாட்டாமல் இருப்பது என்பதற்கு இந்த இழை வேண்டாமே. சம்பளத்தோடு தொழில் வருமானமும் இருந்தால் இரண்டையும் வரிக் கணக்கில் காட்டியே ஆக வேண்டும். அதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.


வடவள்ளி எழுதியது:

பெண்கள் பக்கம் யாரும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன். டெஸ்ட் ஆட்டோமேஷன், கோவையில் வீட்டிலிருந்து, இங்கிலாந்து கிளையன்ட் ஒருவர்.

முதல் குழந்தை பிறந்தபோது வேலையில் இருந்தேன். 2017 திருத்தத்துக்குப் பின் மகப்பேறு விடுப்பு 26 வாரம், முழுச் சம்பளம். இரண்டாவது குழந்தை பிறந்தபோது ஃப்ரீலான்ஸர். சட்டம் எனக்குப் பொருந்தாது. கிளையன்ட் நல்லவர்தான், வாழ்த்து அனுப்பினார், "எப்போது திரும்ப வருவீர்கள்" என்று கேட்டார், அந்த மாதங்களுக்கு இன்வாய்ஸ் கிடையாது. குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருப்பவர்கள் இந்தக் கணக்கைத் தனியாகப் போட வேண்டும். ஓஎம்ஆர்வாசியின் மனைவி ஆசிரியை என்பதால் அங்கே அந்தப் பக்கம் ஒரு தாங்கல் இருக்கிறது. எல்லோர் வீட்டிலும் அது இருக்காது.

அப்படியும் ஏன் திரும்பப் போகவில்லை என்றால், ஆபீஸ் வாரம் ஐந்து நாள் வா என்றது. சின்னக் குழந்தையை விட்டுவிட்டு காலை ஏழரைக்குக் கிளம்ப என்னால் ஆகவில்லை. அவ்வளவுதான் காரணம். சுதந்திரம், கனவு என்றெல்லாம் நான் சொல்லிக்கொள்வதில்லை.

வீட்டில் உட்கார்ந்து வேலை பார்ப்பதில் யாரும் சொல்லாத ஒரு செலவு: மின்வாரியம். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தினால் மதியத்துக்கு மேல்தான் வரும். பேப்பரில் "நாளை மின்தடை" பத்தியில் எங்கள் பகுதி இருக்கிறதா என்று பார்ப்பது எனக்குத் தினசரிப் பழக்கம். இன்வெர்ட்டர் இருந்தாலும் தெருமுனையில் இருக்கும் கேபிள்காரர் பெட்டிக்குக் கரண்ட் இல்லையென்றால் ஃபைபர் செத்துவிடும். அதனால் இரண்டு நெட் கனெக்‌ஷன், இன்வெர்ட்டரில் பெரிய பேட்டரி, மொபைல் டேட்டா மூன்றாவது காவல். ஆபீஸில் ஜெனரேட்டர் ஓடும் சத்தத்தைக்கூட நாம் கவனித்திருக்க மாட்டோம்.

அப்புறம் சொந்தக்காரர்கள். "வீட்லதானே இருக்கே, சிலிண்டர்காரன் வருவான், வாங்கி வை" என்று பக்கத்து வீட்டுச் சாவியும் என்னிடம்தான். ஆண் ஃப்ரீலான்ஸரிடம் யாரும் சாவி கொடுப்பதில்லை என்று நினைக்கிறேன். கொடுத்தால் சொல்லுங்கள், சந்தோஷப்படுவேன்.


நள்ளிரவு_கமிட் எழுதியது:

அக்கா, என்னிடம் இரண்டு வீட்டுச் சாவி இருக்கிறது.


அவிநாசி_ரோடு எழுதியது:

எல்லோரும் டாலர் பேசுகிறீர்கள். உள்ளூர் கிளையன்ட் பற்றி ஒரு வார்த்தை. நான் திருப்பூர், கோவை பக்கம் நிறுவனங்களுக்கு சாஃப்ட்வேர் செய்து கொடுக்கிறேன். ஸ்டாக், ஜாப் ஒர்க் கணக்கு, பீஸ் ரேட் கூலி, இந்த மாதிரி.

ஒரு பனியன் கம்பெனி. முதலாளி பழைய எக்செல் ஷீட்டைப் பிரின்ட் எடுத்து, அதில் பச்சை மை பேனாவால் திருத்தி, "இதே மாதிரி வரணும்" என்றார். எந்த நூல் எந்த டையிங்குக்குப் போனது, எத்தனை கிலோ திரும்பியது, எவ்வளவு கழிவு என்று அந்தப் பேப்பரில் ஒவ்வொரு கட்டத்துக்கும் அவரிடம் ஒரு கதை இருந்தது. மூன்று நாள் கூடவே உட்கார்ந்து கேட்டேன். கம்பெனியில் இருந்தபோது எனக்கு முன்னால் பிசினஸ் அனலிஸ்ட், அவருக்கு முன்னால் ஆன்சைட் கோஆர்டினேட்டர் என்று ஒரு வரிசையே நின்றது. யூசர் முகத்தையே நான் பார்த்ததில்லை. அந்த விஷயத்தில் இந்தத் தொழில் எனக்குப் பிடித்திருக்கிறது.

பணம்தான் கதை. சாஃப்ட்வேர் ஓட ஆரம்பித்த பிறகு "தீபாவளி போனஸ் போட்டுட்டு தர்றேன்" என்றார், அப்புறம் "மார்ச் முடியட்டும்" என்றார். இதற்கு ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. உத்யம் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இலவசம், ஃப்ரீலான்ஸரும் செய்யலாம். பதிவு இருந்தால் 2006 எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாந்திரக் கூட்டு வட்டி. அதற்கான அரசுத் தளத்தில் புகார் கொடுக்கலாம். நான் புகார் கொடுக்கவில்லை. அவருடைய ஆடிட்டரிடம் வருமான வரி 43பி(எச்) பற்றி மட்டும் பேசினேன். கெடு தாண்டியும் மார்ச் 31 வரை கொடுக்காத தொகையை அந்த வருடச் செலவாகக் கழிக்க முடியாது என்கிற பிரிவு அது. பணம் மார்ச் 31க்கு முன்பே வந்துவிட்டது.

ஒப்பந்தத்தில் இன்னொன்றும் பாருங்கள். ஊழியர் எழுதும் கோட் முதலாளிக்குச் சொந்தம். ஃப்ரீலான்ஸர் எழுதுவது, உரிமையை மாற்றி எழுதிக் கொடுக்காத வரை, பொதுவாக எழுதியவருக்குத்தான் சொந்தம். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று எடுத்துக்கொள்வார்கள். நான் "முழுப்பணம் வந்து சேர்ந்த தேதியிலிருந்து உரிமை மாறும்" என்று ஒரு வரி போட்டுவிடுவேன். அந்த ஒரு வரிக்குக் கடன் வசூலிப்பவரைவிட வலு அதிகம்.


நல்லூரான் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுறன். எங்கட பக்கம் கணக்கு வேற. வேலையில் இருந்தால் ஈபிஎஃப் எங்கட பங்கு 8 வீதம், முதலாளி 12 வீதம், முதலாளி போடுற ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம். ஃப்ரீலான்ஸ் செய்தால் அந்த 15 வீதம் போயிற்று. முந்தி வெளிநாட்டுச் சேவை வருமானத்துக்கு வரி இல்லை என்பதுதான் ஃப்ரீலான்ஸுக்குப் பெரிய கவர்ச்சி. 2025 ஏப்ரல் முதல் அதற்கும் வரி வந்திட்டுது, உச்சம் 15 வீதம். ஆனாலும் ரூபாய் விழுந்த 2022இல் டொலரில் சம்பளம் எடுத்தவை மட்டும்தான் மூச்சு விட்டவை என்பதை இங்க ஒருவரும் மறக்கேல்லை. ஓஎம்ஆர்வாசி அண்ணை, டொலரில் வருமானம் எண்டால் அதற்கெண்டு ஒரு பெறுமதி இருக்கு, அதையும் கணக்கில் போடுங்கோ.


சிறுசேரி_சீனு எழுதியது:

எல்லோரும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டார்கள், முதல் கேள்வியை யாரும் கேட்கவில்லை. இந்த ஸ்டார்ட்அப் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது? இப்போதைய கம்பெனியின் கிளையன்ட்டா?


ஓஎம்ஆர்வாசி எழுதியது:

கிளையன்ட் இல்லை. கிளையன்ட் பக்கம் எங்களோடு வேலை பார்த்த இன்ஜினியரிங் மேனேஜர் அங்கிருந்து விலகி இந்த ஸ்டார்ட்அப்பில் சேர்ந்திருக்கிறார். அவர்தான் கூப்பிட்டார்.


சிறுசேரி_சீனு எழுதியது:

அப்படியானால் பாதித் தலைவலி இல்லை. நேரடி கிளையன்ட்டாக இருந்தால் உங்கள் ஆஃபர் லெட்டரில் மட்டுமில்லை, இரண்டு கம்பெனிகளுக்கு இடையிலான ஒப்பந்தத்திலும் ஆளைத் தூக்கக் கூடாது என்ற ஷரத்து இருக்கும். வேலையை விட்டவர் போட்டி நிறுவனத்துக்குப் போகவே கூடாது என்று எழுதி வாங்குவது 1872 ஒப்பந்தச் சட்டம் பிரிவு 27க்கு முன் பொதுவாக நிற்காது. ஆனால் கிளையன்ட் தன் வெண்டரோடு சண்டை போட விரும்ப மாட்டார், உங்களைக் கழற்றிவிடுவதுதான் அவருக்குச் சுலபம். எதற்கும் ஆஃபர் லெட்டரை ஒரு முறை முழுசாகப் படித்துவிடுங்கள்.

இதில் நான் கவனிக்கிற வேறொரு விஷயம்: உங்களைக் கூப்பிட்டவர் நீங்கள் வேலையில் இருந்தபோது பழக்கமானவர். எனக்குத் தெரிந்து நன்றாக ஓடுகிற ஃப்ரீலான்ஸர்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் முதல் கிளையன்ட் பழைய ஆபீஸ் வழியாக வந்தவர்தான். கல்லூரி முடித்தவுடன் நேராக அப்வொர்க்கில் (ஃப்ரீலான்ஸ் வேலை பிடிக்கும் இணையச் சந்தை) கடை விரிக்கலாம் என்று கேட்கும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான்: உங்களை நம்ப அங்கே யார் இருக்கிறார்கள்?


நள்ளிரவு_கமிட் எழுதியது:

சீனு சொல்வதை முழுக்க ஒத்துக்கொள்ள மாட்டேன், நான் அப்வொர்க்கில் பூஜ்யத்திலிருந்து தொடங்கியவன். ஆனால் அது வேறு காலம் என்பதும் உண்மை. அப்போது முதல் 500 டாலர் வரை 20 சதவீதம் கமிஷன் பிடித்தார்கள். 2023 மே முதல் 10 சதவீதம் என்றார்கள். 2025 மே முதல் புது ஒப்பந்தங்களுக்கு பூஜ்யம் முதல் 15 வரை. விண்ணப்பம் போடுவதற்கே கனெக்ட்ஸ் என்ற டோக்கன்களைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்தக் காசு போனதுதான். மணிக்கணக்கு வேலையில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஸ்கிரீன்ஷாட் எடுக்கும். ஆபீஸில் மேனேஜர் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார் என்று ஓடி வந்தவனுக்கு இது நல்ல வேடிக்கை.

"வேர்ட்பிரஸ் தளத்தில் இதைச் சரிசெய்", "ஒரு லேண்டிங் பேஜ்" மாதிரி சின்ன வேலைகள்தான் புதியவர்களுக்கு முதல் படி. என் கண்ணில் படும் அளவில் அவை நன்றாகவே குறைந்துவிட்டன, கிளையன்ட்டே ஏஐயிடம் கேட்டு முடித்துக்கொள்கிறார். இப்போது எனக்கு வரும் வேலையில் பாதி, ஏஐ எழுதிக் கொடுத்து யாருக்கும் புரியாமல் கிடக்கும் புரோகிராமைச் சீர்படுத்துவது. அதற்கு அனுபவம் வேண்டும். ஓஎம்ஆர்வாசிக்கு அது இருக்கிறது, தம்பிகளுக்கு இல்லை. அந்த வகையில் சீனு சொன்னதற்கே வந்துவிட்டேன், சரி.


கணக்குப்பிள்ளை எழுதியது:

ஒரு விஷயம் கண்ணில் பட்டது. நாலரை வருடம் என்றீர்கள். கிராஜுவிட்டி (விலகும்போது கம்பெனி தரும் பணிக்கொடை) ஐந்து வருடம் முடித்தால்தான். ஆனால் நாலு வருடம் முடிந்து ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அதை ஐந்தாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இன்று ராஜினாமா கொடுத்தாலும் 90 நாள் நோட்டீஸில் நீங்கள் அதைத் தாண்டிவிடுவீர்கள். சில எச்ஆர்கள் முழு ஐந்து வருடம்தான் என்று அடம் பிடிப்பார்கள், எழுத்தில் கேட்டுவிட்டு அப்புறம் தேதி குறியுங்கள். பேசிக் 70,000 என்று வைத்தால் 15/26 கணக்கில் (வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் என்று வைத்து) ஐந்து வருடத்துக்கு இரண்டு லட்சம் ரூபாய். சீக்கிரம் விடுவிக்கிறோம் என்று அவர்களே சொன்னால் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள்.


வடவள்ளி எழுதியது:

அப்பா இன்ஷூரன்ஸை யாரும் தொடவில்லையே. குரூப் பாலிசியில் சர்க்கரைக்கும் முதல் நாளிலிருந்தே கவர் இருக்கும், நீங்கள் விலகும் நாளில் அது பெரும்பாலும் நின்றுவிடும். வெளியே புதிதாக எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்வார்கள். ராஜினாமா கொடுக்கும் முன்பே, அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியின் தனி பாலிசிக்கு மாற முடியுமா, குரூப்பில் இருந்த வருடங்களைக் காத்திருப்புக் காலத்தில் கழிப்பார்களா என்று கேளுங்கள். மாற்றுவதற்கு வழி இருக்கிறது. பிரீமியம் வயசான அப்பாவுக்குக் கூடத்தான் வரும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்லை என்பது ஒரு சின்ன ஆறுதல். மணிக்கு எத்தனை டாலர் என்று பேசுமுன் இந்தத் தொகையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.


ஓஎம்ஆர்வாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கொஞ்ச நாள் கழித்து வருகிறேன், இடையில் நடந்தது இது.

மணிக்கு 25 என்பதை 32 ஆக்கக் கேட்டேன். 30க்கு ஒத்துக்கொண்டார்கள். ஒப்பந்தத்தை நிறுத்துவதென்றால் ஒரு மாத நோட்டீஸ் என்றும், அந்த மாதம் வேலை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பணம் உண்டு என்றும் எழுதச் சொன்னேன். முதலில் இழுத்தார்கள். பெருமாள் சார் சொன்ன வேலை இல்லாத நாள்தான் மனதில் இருந்தது, அதனால் நானும் விடவில்லை. இரண்டு வாரத்துக்கு என்று முடிந்தது. 30 மணி நேரத்துக்கு மேல் கட்டாயம் இல்லை, வேறு கிளையன்ட் வைத்துக்கொள்ளலாம் என்பதும் எழுத்தில் இருக்கிறது.

ஃபிளாட்டைத் தள்ளிப்போட்டாயிற்று. மனைவிக்கு வருத்தம்தான். அவர் சம்பளத்துக்கு மட்டும் கிடைக்கும் தொகையில் கேளம்பாக்கம் வராது. மூன்று வருட வரிக் கணக்கு வந்த பிறகு பார்க்கலாம், அதற்குள் விலை எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும். அப்பா பாலிசிக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன், மருத்துவப் பரிசோதனை முடிந்தது, பதில் வரவில்லை. அந்தப் பதில் வந்த பிறகுதான் ராஜினாமா. கிராஜுவிட்டிக்கு 240 நாள் கணக்கை எச்ஆர் மெயிலில் ஒத்துக்கொண்டுவிட்டார்கள்.

கணக்குப்பிள்ளை சாருக்கு ஒரு கேள்வி: ஜிஎஸ்டி பதிவை 20 லட்சம் தாண்டும்வரை காத்திருந்து எடுக்கலாமா, முதலிலேயே எடுத்துவிடலாமா?


கணக்குப்பிள்ளை எழுதியது:

உங்கள் ரேட்டில் முழு நிதியாண்டில் எப்படியும் தாண்டும், முதலிலேயே எடுத்துவிடுங்கள். பதிவு வந்தவுடன், முதல் இன்வாய்ஸுக்கு முன், எல்யூடி (ஏற்றுமதிக்கான உறுதிமொழிப் படிவம்) போட்டுவிடுங்கள். அது இருந்தால்தான் வரி கட்டாமல் ஏற்றுமதி பில் போட முடியும். இன்வாய்ஸிலும் எல்யூடியின் பேரில் வரி இல்லாமல் செய்யும் ஏற்றுமதி என்ற வாசகம் இருக்கட்டும். பணம் வந்ததும் வங்கியிடம் வெளிநாட்டு வரவுச் சான்று கேட்டு வாங்குங்கள், பணம் எதற்கு வந்தது என்று காட்டும் பர்பஸ் கோடு சாஃப்ட்வேர் கன்சல்டன்சி பி0802 என்று இருக்கிறதா பாருங்கள். வங்கிக்காரர்கள் சில சமயம் கையில் கிடைத்த எண்ணைப் போட்டுவிடுவார்கள், பிறகு மாற்றுவது பெரும்பாடு.

எல்யூடி ஒரு நிதியாண்டுக்குத்தான். நீங்கள் ஜனவரியில் எடுத்தாலும் மார்ச் 31ஓடு முடிந்துவிடும், ஏப்ரலில் திரும்பப் போட வேண்டும். ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் எந்த மாதமும் விடக் கூடாது, இன்வாய்ஸ் இல்லாத மாதத்திலும் நில் ரிட்டர்ன் உண்டு.